ரங்கனின் தலை எந்தப் பக்கம்?

ரங்கம்மா அத்தைக்கு, உங்கள் சரசு காலில் விழுந்து கும்பிட்டு எழுதுவது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் நட்ட முருங்கை காய்த்துக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரி நம் மரத்தில் பறித்து எனக்கே தானம் கொடுக்கிறாள். உங்கள் மகனுக்கு மறுபடியும் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று நீங்கள் வாசலில் உட்கார்ந்து கோழியைக்கூட அதட்டுவீர்களே, அந்த வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது.

உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தளிப் பக்கம் கோசுத் தோட்டத்தில் களை எடுத்தே வளர்ந்தவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பேசுவதில் மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைவீர்கள். பிறகு இந்தக் கடிதம் யாருக்கு என்றால், படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான். உங்களைப் பற்றித் தப்பாகவே பதினைந்து வருஷம் பேசிவிட்டார்கள். அவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன், அத்தை.

அந்த டூரைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி எனக்கு இவ்வளவு வெட்கம் இருக்க முடியும்?

அப்போது ஓசூரில் மழைக்கு முளைக்கிற காளான் மாதிரி கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. உங்கள் மகன் முனிராஜின் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்த வரதராஜன் சார் வருஷாவருஷம் ஆலை மூடும் வாரத்தில் பஸ் பிடித்து, தொழிலாளர் குடும்பங்களைக் கோயில் டூர் கூட்டிப்போவார். திருவண்ணாமலை, சிதம்பரம், வைத்தீஸ்வரன் கோயில், கும்பகோணம், திருக்கருகாவூர், தஞ்சாவூர், கடைசியில் ஸ்ரீரங்கம். எல்லாருக்கும் அவர் கைடு சார். பஸ்ஸுக்குள் விசில் அடித்து நிற்பார். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று எங்களை மூன்றாகப் பிரித்து, குளிக்கப் போவதும் சாமி பார்ப்பதும் அந்த வரிசையில்தான். சாமிக்கும் ஷிப்ட் போட்ட ஒரே மனிதர் அவர்தான்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. திருக்கருகாவூர் அம்மன் கருவைக் காப்பவள், அங்கே போய் நெய் வாங்கிச் சாப்பிட்டால் குழந்தை நிற்கும் என்று கைடு சாரின் மனைவி கமலம்மா சொன்னாள். அதற்காகத்தான் நான் கிளம்பினேன். நீங்கள் கிளம்பியது ஸ்ரீரங்கத்துக்காக. "ரங்கன் பேர வெச்சிக்கினு அம்பது வருஷமா திரியறேன், அவன் மூஞ்சியப் பாத்ததில்ல. படுத்தே கிடக்கறானாமே, தல எந்தப் பக்கம் வெச்சிருக்கான்?" என்று கிளம்புவதற்கு முன் தெருவில் ஒருவரை விடாமல் கேட்டீர்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். "நானே போயி பாத்துக்கறேன் போங்க" என்றீர்கள்.

டூருக்கு வருகிற பெண்களெல்லாம் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது கமலம்மாவின் சட்டம். நானும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட ஆரம்பித்தேன். இரண்டு நாளில் செய்தி வந்தது: கம்பெனியில் ஏதோ அவசர ஆர்டர், ஆலை மூடுவது ஒரு வாரம் தள்ளிப்போகிறது, டூரும் தள்ளிப்போகிறது. மாத்திரை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நிறுத்திவிட்டேன். டூருக்குள் வந்துவிட்டுப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கம்பெனியின் காலண்டரை மாற்றினால் என் உடம்பின் காலண்டரும் சேர்ந்து மாறும் என்று நினைத்தவள் நான். என்னைவிடப் படித்த முட்டாள் ஓசூரில் உண்டா?

திருவண்ணாமலையும் சிதம்பரமும் நல்லபடியாக முடிந்தன. வைத்தீஸ்வரன் கோயிலில் உள்ளே நிற்கும்போதே அடிவயிறு பிசைந்தது. பஸ் ஏறியதும் தெரிந்துவிட்டது. உங்களிடம்கூடச் சொல்லவில்லை. கும்பகோணம் போனதும் சத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கால்களை இறுக்கி உட்கார்ந்திருந்தேன். என் சேலை கரும்பச்சை, வெளியே தெரியாது என்ற தைரியம்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கித் தட்டுக் கழுவப் போனேன். கமலம்மா விபூதிப் பொட்டலம் வைக்க ஒவ்வொரு சீட்டாகப் போனவள், படியில் வந்து நின்று கத்தினாள்.

"டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல யாரு உக்காந்தது? சீட்டெல்லாம் தீட்டாக் கிடக்குது. சாமி காரியமா வந்த பஸ்ஸுல யாரு இந்த வேல பண்ணது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். அந்த சீட்டில் ஜன்னலோரம் நீங்கள், இந்தப் பக்கம் நான். எல்லார் கண்ணும் என் மேல் வந்தது. வயசுப் பெண் நான்தானே. வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் நீங்கள் தட்டை விட்டு எழுந்துபோய்விட்டீர்கள். கை கழுவவில்லை. பஸ்ஸில் ஏறி நான் உட்கார்ந்திருந்த இடத்தில், அந்தக் கறைமேல், நன்றாக அழுத்தி உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்து, படியில் இறங்கி, எல்லாருக்கும் தெரிய ஒரு திரும்பு திரும்பினீர்கள். உங்கள் மஞ்சள் சேலையில் என் ரத்தம்.

"நான்தான். தெரியாம ஆயிடுச்சி. அதுக்கு ஏன் ஊரக் கூட்டறே?"

பிறகு ஒருத்தி சிரித்தாள். "ஏன் ரங்கம்மா, மவள கட்டிக் குடுத்து, பேரனையும் எடுத்தாச்சி. இன்னுமா?" அதற்கப்புறம் எல்லாப் பெண்களும் முந்தானையில் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். முனிராஜ் தட்டை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்துபோனார். நீங்கள் மட்டும் அசையவில்லை. "ஆண்டவன் நிறுத்த மறந்துட்டான். நான் போயி ஞாபகப்படுத்தட்டா?" என்றீர்கள்.

கைடு சார் கெட்டவர் இல்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தெளித்தார். "பரவால்லீங்கம்மா, வயசானவங்க. இனிமே கோயிலுக்குள்ள மட்டும் வர வேணாம், வெளியில உக்காந்துக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். கமலம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வா சரசு. பிள்ள வரம் கேக்கப் போறவ, அவங்கள தொட்டுக்கிட்டு உக்காராத. எம்பக்கத்துல உக்காரு." தீட்டுக்காரியைத் தீட்டு இல்லாதவளிடமிருந்து காப்பாற்றி, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சிரிப்பு வருகிறதா அத்தை? எனக்கு இப்போது வருகிறது. அன்று அவள் தோள் என் தோளில் பட்டபோதெல்லாம் உடம்பு கூசியது.

சத்திரத்தில் குளிக்கிற இடத்துக்குப் பின்னால் உங்கள் பழைய சேலையைக் கிழித்து நாலாக மடித்து என் கையில் திணித்தீர்கள். நான் அழுதேன். போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்னிரு" என்றீர்கள் கன்னடத்தில், கோபம் வந்தால் பேசுகிற மாதிரி. "சொன்னா உன்ன உள்ள வுடுவாளா? நாலு வருஷமா வாய் ஓயாம வேண்டிக்கினு, வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போறியா?"

"இந்த உடம்போட அம்மன் முன்னாடி போயி எப்படி அத்த நிக்கறது?"

"அவ கருவக் காக்கறவ. ரத்தத்தப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கினா, அவ பொழப்பு என்னா ஆவறது? மருத்துவச்சி அருவருப்புப் பட்டா யாருக்கு என்னா பிரசவம் பாப்பா? போடி."

போனேன். திருக்கருகாவூரில் படியில் நெய் மெழுகச் சொன்னார்கள், மெழுகினேன். நெய்ப் பிரசாதம் கொடுத்தார்கள், வாங்கினேன். நீங்கள் வெளியே கிணற்றடியில் பஸ் டிரைவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். தஞ்சாவூரில் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து, அவ்வளவு பெரிய நந்தியை உள்ளே போய் வந்த யாரோ கையை விரித்துக் காட்டியதில்தான் தெரிந்துகொண்டீர்கள். இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். அடுத்து ஸ்ரீரங்கம்.

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தைக் கட்டி முடிக்கிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. சாரம் கட்டியிருந்தார்கள். அந்த நிழலில் எங்கள் செருப்புகளையும் பைகளையும் காவல் காக்க உங்களை உட்கார வைத்துவிட்டு, ஏ ஷிப்டில் என்னை உள்ளே அனுப்பினார் கைடு சார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கையை ஆட்டினீர்கள். "நல்லாப் பாத்துக்கினு வந்து சொல்லு. தல எந்தப் பக்கம்னு பாரு" என்று அத்தனை கூட்டத்திலும் கத்தினீர்கள்.

நான் பார்க்கவில்லை, அத்தை.

வரிசை நகர்ந்து சன்னதிக்குள் போனேன். விளக்கு வெளிச்சம், துளசி வாசனை, முன்னால் நிற்பவர்களின் முதுகு. என் முறை வந்தபோது தலையைத் தூக்க முடியவில்லை. உங்கள் பெயர்க்காரன் அங்கே படுத்திருக்கிறான். உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன், என் இடத்தில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்வது? கல் தரையையும் முன்னால் நின்றவளின் மெட்டியையும்தான் பார்த்தேன். "நகரும்மா, நகரும்மா" என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்துவிட்டேன்.

"பாத்தியா? எப்பிடி இருந்தான்?" என்றீர்கள்.

"பெருசா இருந்தாரு அத்த. தல வலது பக்கம்."

ஏன் வலது என்று சொன்னேன்? வாயில் வந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் வெளியே உட்கார்ந்தது வீணாகிவிடும் என்று பட்டது. உங்கள் முகம் மலர்ந்தது. கண்ணை மூடி, வலது பக்கம் தலை வைத்த ஒருவனை ஒருமுறை கும்பிட்டுக்கொண்டீர்கள். "நீ ரங்கனப் பாத்தே, நான் இங்க சித்தாளுங்களப் பாத்தேன். ஒருத்தி எங்க பக்கத்துக்காரி மாதிரியே சாந்துச் சட்டிய தூக்கறா. தண்ணி குடுத்தேன். கோபுரம் முடிஞ்சா வந்து பாருன்னா" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கதை.

ஊருக்கு வந்ததும் பூக்காரியிடம், பால்காரனிடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள், ரங்கன் வலது பக்கம் தலை வைத்திருக்கிறான் என்று. ஒருநாள் குழாயடியில் அது கமலம்மா காதில் விழுந்துவிட்டது. "நம்ம இடது கைப் பக்கம்தான் தல. வெளியில உக்காந்தவங்களுக்கு என்னா தெரியும் பாவம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் குடத்தை நிரப்பிக்கொண்டே என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்து கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. அதற்கப்புறம் ரங்கனின் தலையைப் பற்றி நீங்கள் யாரிடமும் பேசவும் இல்லை. புரிந்துவிட்டதா அத்தை? நான் பார்க்கவே இல்லை என்பது வரைக்கும் புரிந்துவிட்டதா?

அடுத்த வருஷம் கவிதா பிறந்தாள். கமலம்மா தன்னால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். உங்கள் பெயர் மட்டும் கெட்டுப்போய்க் கிடந்தது. "ஏம்மா, அத்தன பேரு முன்னாடி அப்பிடித் திரும்பிக் காட்டணுமா? கம்பெனியில தல காட்ட முடியல" என்று உங்கள் மகன் ஒருநாள் உங்களிடம் சீறினார். நான் அடுப்படியில் இருந்தேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கவிதாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "இவன் கெடக்கறான்" என்று அவளிடம் சொன்னீர்கள்.

நீங்கள் போனபோது அஸ்தியை ஸ்ரீரங்கத்தில் கரைக்கலாம் என்றேன். "ஏன் அவ்ளோ தூரம்? ஒகேனக்கல்லும் காவேரிதான, தண்ணி அங்கதான போவுது" என்றார் முனிராஜ். ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் போய்க் கரைத்தோம். திரும்பும்போது பரிசல்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மேட்டூரு டேமு மூடிக் கெடக்குதுங்க. தொறக்கற வரைக்கும் அஸ்தி அங்கதான் நிக்கணும்." பரிசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மறுபடியும் உங்களை வெளியில் உட்கார வைத்துவிட்டோமே என்று அழுதது யாருக்குத் தெரியும்?

இப்போது செய்தியைச் சொல்கிறேன். போன மாதம் கவிதா பெரியவளானாள். நீங்கள் போய் வருஷம் திரும்பாததால் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றி, புட்டு சுற்றி, தெருப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டோம். கமலம்மாவும் தலையெல்லாம் நரைத்து, தட்டோடு வந்தாள். பேச்சு எப்படியோ அங்கே போயிற்று. "அவ்வா மாதிரி அம்பது வயசு வரைக்கும் இழுத்துக்கினு கெடக்காதடி" என்று கவிதாவின் கன்னத்தைக் கிள்ளினாள். பெண்கள் சிரித்தார்கள். முனிராஜ் வாசலில் இலைக்கட்டை வைத்துக்கொண்டு நின்றவர், அதே பழைய முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"அது அத்தையோடது இல்ல. என்னுது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியதிலிருந்து, நீங்கள் கறைமேல் உட்கார்ந்து எழுந்தது வரைக்கும், ரங்கனைப் பார்க்காமல் வந்தது வரைக்கும் சொன்னேன். கமலம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ திருக்கருகாவூர்ல நீ உள்ள வந்தியே? நெய் வாங்கினியே?" என்றாள். "வந்தேன், வாங்கினேன், சாப்பிட்டேன்" என்றேன். அவள் மெதுவாகத் திரும்பி, புதுச் சேலையில் உட்கார்ந்திருந்த கவிதாவைப் பார்த்தாள். தீட்டோடு வாங்கின நெய் பலிக்காது என்று எப்படிச் சொல்வாள்? கவிதா அங்கே உட்கார்ந்திருக்கிறாளே.

எல்லாரும் தீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அவ்வா கடசி வரைக்கும் ரங்கனப் பாக்கவே இல்லியாம்மா?"

முனிராஜ் இலைக்கட்டை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிடவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். "நீங்க சீறினப்போ சொல்லியிருக்கணும். கரண்டியப் புடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றேன். "நான் அம்மாவப் பாத்து வெக்கப்பட்டேனே, சரசு" என்றார். இருவரும் வெட்கப்பட்டோம். நீங்கள் ஒருவர்தான் படத்திலும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மேட்டூரைத் திறந்துவிட்டார்களாம், ரேடியோவில் சொன்னார்கள். நீங்கள் தண்ணீரோடு கிளம்பியிருப்பீர்கள். வருஷம் முடியாமல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். "ஒரு தீட்டுக்கு எங்கம்மா வெளியில உக்காந்தது போதும். இன்னொரு தீட்டுக்கு நாங்க உக்கார மாட்டோம்" என்று அவர்களிடம் சொன்னது நான் இல்லை, உங்கள் மகன். ஆடிப் பெருக்குக்கு மூன்று பேரும் ஸ்ரீரங்கம் போகிறோம். நானும் மாத்திரை போடவில்லை, கவிதாவுக்கும் கொடுக்கவில்லை. எந்த நாளாக இருந்தாலும் அந்த நாள்தான்.

அந்த மொட்டைக் கோபுரம் இப்போது முழுக் கோபுரமாகிவிட்டது. நீங்கள் தண்ணீர் கொடுத்த அந்தச் சித்தாள் வந்து பார்க்கச் சொன்னாளே, அவளுக்காகவும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன். பிறகு உள்ளே போவேன். இந்தத் தடவை எவளுடைய மெட்டியையும் பார்க்க மாட்டேன். எத்தனை பேர் தள்ளினாலும் தலையைத் தூக்கி, உங்கள் பெயர்க்காரனை முடியிலிருந்து பாதம் வரை பார்த்துவிட்டு, நேராக ஆற்றுக்கு வருவேன். முழங்கால் தண்ணீரில் நின்று, தல எந்தப் பக்கம்னு நான் பார்த்ததைச் சொல்வேன். காத்திருங்கள்.

உங்கள் இடத்தில் உள்ளே போய்த் தலைகுனிந்து வந்த,
உங்கள் மருமகள்
சரசு